நான் எழுதி, நானே அடித்த ஏழாவது விதி

போன மாதம் மழை விடாமல் பெய்து, ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் பள்ளிகளுக்கு நாலு நாள் விடுமுறை விட்டார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே லதா போன் செய்தாள். நான் ரிடையர் ஆன பிறகு என் இடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்தவள்.

"மேடம், மறுபடியும் போன்ல பாடம் அனுப்பணும்னு ஆர்டர் வந்துகீது. கொரோனா டைம்ல வீடியோ எப்படி எடுக்கணும்னு டீச்சருங்களுக்கு நீங்க ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தீங்களாமே, அது கெடைக்குமா?"

"கெடைக்கும். ஆனா அதுல ஏழாவது அடிச்சிருக்கும். ஏன் அடிச்சிருக்குன்னு தெரியாம நீ அத வச்சிக்கினு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றேன்.

"ஏன் அடிச்சீங்க மேடம்?"

அது போனில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். "சுருக்கமா எழுதுங்க மேடம்" என்றாள். இவர்களுக்கு எல்லாமே ஒரு மெசேஜில் முடிந்துவிட வேண்டும். எனக்குச் சுருக்கமாக வராது. ஒரே கணக்கை மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தே முப்பத்து நாலு வருஷம் பழகியவள் நான்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். சத்தியவேடு பக்கம் பிறந்தேன். தமிழ் மீடியத்தில் படித்து, சித்தூரில் டீச்சர் டிரெயினிங் முடித்து, பிறகு திருப்பதியில் பி.எட். வாங்கினேன். முதல் வேலை மலையடிவாரத்தில் ஓராசிரியர் பள்ளி. கடைசிப் பதினோரு வருஷம் நகரிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் தமிழ் பேசி, ஸ்டாஃப் ரூமில் தெலுங்கு பேசி, ரிஜிஸ்டரை இங்கிலீஷில் நிரப்பிக் காலம் போயிற்று. கோபக்காரி என்று பெயர். கவனிக்காத பிள்ளை மேல் சாக்பீஸ் துண்டை வீசுவேன், குறி தப்பாது. பிள்ளைகள் எனக்குச் 'சுண்ணாம்பு மேடம்' என்று பெயர் வைத்து, அது எனக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொரோனா வந்து பள்ளியை மூடியபோது எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருந்தது. டீவியில் பாடம் ஆரம்பித்தார்கள். எல்லாம் தெலுங்கில், கொஞ்சம் இங்கிலீஷில். எங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன செய்வார்கள்? எல்லை தாண்டித் தமிழ்நாட்டு டீவியில் பாடம் வருகிறதே, அதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சில பேர் யோசனை சொன்னார்கள். மொழி ஒன்றுதான், புத்தகம் வேறு. அங்கே ஒரு வகுப்பில் இருக்கிற பாடம் இங்கே வேறொரு வகுப்பில் இருக்கும், இல்லை, இருக்கவே இருக்காது. பக்கத்து வீட்டுச் சாவியை வைத்து நம் வீட்டுப் பூட்டைத் திறக்கிற வேலை அது. எங்கள் பாடத்தை நாங்களேதான் எடுத்தாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் மண்டலக் கல்வி அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். எம்.ஈ.ஓ. ராமச்சந்திரய்யா. கடப்பாப் பக்கத்து மனிதர். எல்லை மண்டலங்களில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழைக் காதாலேயே கற்றுக்கொண்டவர், அதனால் பாதி வாக்கியம் தெலுங்கில் போய்விடும். ஆபீஸில் அவருக்கென்று பெரிய நாற்காலி இருந்தது, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு ஒன்று கிடக்கும், அதில்தான் இருப்பார். மடியில் நீள நோட்டு, கையில் பச்சை மைப் பேனா. நாம் பேசப் பேச எழுதிக்கொண்டே இருப்பார். குறுக்கே ஒரு வார்த்தை வராது. நாம் மூச்சு வாங்கி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இண்டிகி வெள்ளாரா?" வீட்டுக்குப் போனீர்களா என்று அர்த்தம். பிள்ளை வரவில்லை, பிள்ளை படிக்கவில்லை, அப்பா சண்டை போடுகிறார் என்று எந்தப் புகாரைக் கொண்டுபோனாலும் இதுதான் கேள்வி. போகவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. சுருங்கின முகத்தோடு திரும்பி வந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மேடம், ரெண்டு மண்டலம் தமிழ் மீடியம் அந்தா மீதே. ஃபேமிலீஸ் ரெடி பண்ணணும், டீச்சர்ஸ் ரெடி பண்ணணும். பத்து ரோஜுல" என்றார். இரண்டு மண்டலத்துத் தமிழ் மீடியம் முழுக்க என் பொறுப்பு என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பத்து நாளில் முடியுமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் ஒன்பது நாள் போதும் என்றிருப்பேன்.

முதல் வேலை கணக்கெடுப்பு. மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நெட் வருகிற போன் இருக்கிற வீடு, டீவி மட்டும் இருக்கிற வீடு, எதுவும் இல்லாத வீடு என்று மூன்று கட்டம். டீச்சர்கள் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டுக் கேட்டு மூன்று நாளில் நிரப்பிவிட்டோம். கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் மூன்றாவது கட்டத்தில் இருந்தார்கள். போனும் இல்லை, டீவியும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு எம்.ஈ.ஓ.விடம் போனேன். வழக்கமான கேள்வி வந்தது.

"வீட்டுக்கு எதுக்கு சார், போன்லயே கேட்டுட்டோம்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "போன்ல கேட்டீங்க. போன் லேதுன்னு சொன்னாங்க. மீரு அத ராஸுகுன்னாரு."

போன் இல்லை என்று போனில் சொன்னதை நாங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். சிரிக்கவும் முடியவில்லை. மறுநாளே கிளம்பினேன். முதல் வீட்டில் வாசலில் நிற்கும்போதே உள்ளே சீரியல் சத்தம். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி அதை நிறுத்திவிட்டு வந்து, "டீவியா டீச்சர், அது ரிப்பேராயி எவ்ளோ நாளாச்சி" என்றாள். நாலு வீடு போனதும் விஷயம் பிடிபட்டது. பெரிய போன், டீவி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் ரேஷன் கார்டை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. வாசலில் யார் நோட்டோடு வந்து நின்றாலும் வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பல வருஷப் பழக்கம். டீச்சருக்கு மட்டும் தனியாகவா உண்மை சொல்வார்கள்?

நான் கேள்வியை மாற்றினேன். போன் இருக்கிறதா என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "மதிய சாப்பாட்டு அரிசியும் முட்டையும் கடலைமிட்டாயும் வீட்டுக்கே குடுக்கறாங்க. வந்ததும் எந்த நம்பருக்குச் சொல்லட்டும்?" என்றேன். ஒரு வீட்டில் மூன்று நம்பர் கொடுத்தார்கள், ஒன்று போகாவிட்டால் இன்னொன்றுக்குப் போடச் சொல்லி. அந்த நம்பர்களைப் போனில் ஏற்றிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் வாட்ஸ்அப் படமாகக் குடும்பமே கோயில் வாசலில் பட்டுப்புடவையில் நிற்கிறது. ஒரு வாரத்தில் மூன்றாவது கட்டத்தில் நிஜமாகவே ஒன்றும் இல்லாத வீடுகள் மட்டும் மிஞ்சின. அந்த வீடுகளுக்கு வாரம் ஒரு தடவை தாளில் பாடம் எழுதிக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

அடுத்து அம்மாக்களுக்குப் பயிற்சி. வீடியோவை எப்படித் திறப்பது, பிள்ளை போட்ட கணக்கை எப்படிப் படம் பிடித்து அனுப்புவது. முதல் வாரம் எனக்கு வந்த படங்களில் கட்டைவிரல் அதிகம், மின்விசிறி கொஞ்சம், ஓர் ஆட்டுக்குட்டி. இரண்டாம் வாரம் நோட்டு வந்தது. மூன்றாம் வாரம் தலைகீழாக இல்லாமல் நேராக வந்தது.

அப்புறம் டீச்சர்கள். அவர்களுக்காகத்தான் லதா கேட்ட அந்த லிஸ்ட்டை எழுதினேன். பத்து விதிகள். போனைக் கையில் பிடிக்காதே, செங்கல் அடுக்கி அதன் மேல் சாய்த்து வை. மின்விசிறியை நிறுத்து, காற்றுச் சத்தம் பாடத்தை விழுங்கிவிடும். ஒரு வீடியோவில் ஒரே ஒரு கணக்கு. இப்படிப் போகும். ஏழாவது விதி: டீச்சர் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பாடம் எடுக்க வேண்டும். டீச்சர் செய்வதைப் பிள்ளை பார்த்துச் செய்யும் என்று அதற்கு ஒரு காரணமும் எழுதியிருந்தேன். பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பயிற்சி அன்றைக்கு அந்த விதியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் மூக்கு வாய் எல்லாம் மூடி, வெள்ளைக் கவசத்தோடு பின்னம் பற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

இப்போது ஹேமாவிடம் வருகிறேன்.

ஹேமா அப்போது ஒன்பதாவது. ஆறாவதிலிருந்து என் வகுப்பு. முதல் பெஞ்சில், என் மேஜைக்கு நேர் எதிரே உட்காருவாள். நான் பேசும்போது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். இப்படிக் கவனிக்கிற பிள்ளை கிடைக்க ஒரு டீச்சர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானே ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். கணக்கில் அவள்தான் முதல். வீடு தறித் தெருவில். அப்பா ஏகாம்பரம், அம்மா கஸ்தூரி, வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி.

பாடம் அனுப்ப ஆரம்பித்து முதல் வாரம் ஹேமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் இரண்டு கணக்கு வந்தது, இரண்டும் தப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன் போட்டேன், ஏகாம்பரம் எடுத்தார். பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றால், "வர மாட்டேங்குது டீச்சர்" என்றார். அதனால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பள்ளிக்கூடம் மூடினால் மூளையையும் மூடிவிட்டாயா என்று கேட்டேன். உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும் என்றேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் பேசினேன்.

மூன்றாவதுக்குப் பதில் வந்தது, ஏகாம்பரத்திடமிருந்து. "டீச்சர், நீங்க திட்டினதெல்லாம் சத்தமா வெச்சி கேட்டேன். தப்பு உங்க மேல இல்ல. போன்ல சினிமாப் பாட்டு ஆடறதப் பாத்துக்கினு கீது, பாடம்னா மட்டும் மூஞ்சிய திருப்பிக்கினு போவுது. இனிமே அதுக்குப் பாடம் அனுப்பாதீங்க. தறி வேலைக்கு வெச்சிட்டேன். ஒன்பதாவது படிச்சது போதும்."

படிப்பே வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவருக்கு அந்த முடிவை எடுத்துக் கொடுத்தது என் மூன்று மெசேஜ். அதையும் நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு எம்.ஈ.ஓ.விடம் போனேன். அவர் என்ன கேட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அந்தத் தெருவுல தறிச் சத்தம் சார். நின்னு ரெண்டு வார்த்தை பேச முடியாது" என்றேன்.

"அயிதே நேனு கூட வஸ்தானு" என்று எழுந்தார். நானும் வருகிறேன் என்று அவரே எழுந்த பிறகு நான் என்ன சொல்ல முடியும்?

தறித் தெருவில் காலை வைத்ததுமே சத்தம் நெஞ்சில் இடிக்கும். ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் கவசத்தோடு நின்று கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே ஒரு தறியில் ஏகாம்பரம், இன்னொன்றில் கஸ்தூரி. பின்சுவர் ஓரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கை ராட்டையில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் ஹேமா. ஏகாம்பரம் எங்களைப் பார்த்தார். பக்கத்துக் கூடையிலிருந்து நூல் தீர்ந்த வெறும் குச்சி ஒன்றை எடுத்து மனைவியின் காலடியில் போட்டார். அவள் நிமிர்ந்தாள். அவர் உதட்டை அசைத்தார், விரலால் வாசலைக் காட்டினார், அவள் தலையாட்டினாள். இத்தனைக்கும் சத்தமே இல்லை. தறி வீடுகளில் இப்படித்தான். கூப்பிடக் குச்சி போடுவார்கள், பேச உதடு போதும். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கிறவளோடு கூட ஊர்க்கதை எல்லாம் உதட்டிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பத்து வருஷமாக அந்த ஊரில் வேலை பார்த்தும் நான் அதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க ஒரே சமயத்தில் தறிகள் நின்றன. ஹேமா ஒரு தடவை விளக்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஹேமா, டீச்சருக்கும் சாருக்கும் தண்ணி கொண்டா" என்றாள் கஸ்தூரி. மூன்றடி தூரம். நல்ல குரல்தான். ஹேமா திரும்பவில்லை. கஸ்தூரி பேச்சை நிறுத்தாமலே கூடையில் கையை விட்டு ஒரு குச்சியை எடுத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டாள். ஹேமா திரும்பினாள், அம்மா மறுபடி சொன்னாள், எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"கஸ்தூரி, இப்ப தறி ஓடலையே. எதுக்குக் குச்சி போட்டே?" என்று கேட்டேன்.

"இன்னா டீச்சர்?"

"சத்தமே இல்லையே. வாயால கூப்பிட்டா போதாதா?"

"கூப்ட்டா எங்க திரும்பறா. எப்பவும் நெனப்பு எங்கியோ கீது. குச்சி போட்டே பழகிட்சி."

ஹேமா சொம்போடு வந்து எதிரே நின்றாள். நான் கவசத்தைக் கழற்றாமல், நன்றாக உரக்கவே கேட்டேன். "பதிமூணு ஏழு எவ்ளோ?" அவள் என் கண்ணைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள். நான் நாலடி பின்னால் போய் நின்று கவசத்தைக் கீழே இறக்கினேன். குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, "பதினாலு ஏழு எவ்ளோ?" என்றேன்.

"தொண்ணூத்தெட்டு மேடம்" என்றாள் ஹேமா. அடுத்த நொடியே வந்தது பதில்.

ஏகாம்பரம் தறிப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கஸ்தூரிக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண் மூன்று வருஷமாக என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதது என் பாடத்தின் மகிமையால் அல்ல. என் வாயைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தி, அதற்கு விதியும் போட்டு, அவள் கவனிக்கவில்லை என்று திட்டியும் அனுப்பியிருக்கிறேன். அதையும் குரலில் அனுப்பியிருக்கிறேன்.

எம்.ஈ.ஓ. அதுவரை வாசலோரம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். தெருவுக்கு வந்ததும், "அம்மா, ஆ ரூல் எவரு ராசாரு?" என்றார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"நான்தான் சார்."

அவருடைய நோட்டில் என் லிஸ்ட்டை மடித்து வைத்திருந்தார். பிரித்து என்னிடம் நீட்டி, பச்சைப் பேனாவையும் கொடுத்தார். "அயிதே மீரே கொட்டேயண்டி." நீங்களே அடித்துவிடுங்கள் என்றார். தெருவிலேயே நின்று அடித்தேன். பேனாவை வாங்கி மூடிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அடித்த இடத்தில் புது விதி எழுதினேன். தனியறையில், கவசம் இல்லாமல், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்று, வாய் தெரியப் பேச வேண்டும். போர்டுக்குத் திரும்பினால் பேசக் கூடாது, எழுதி முடித்துத் திரும்பித்தான் பேச வேண்டும். இரண்டு மண்டல டீச்சர்களையும் மறுபடி கூப்பிட்டேன். எடுத்த வீடியோ எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றதும் முணுமுணுத்தார்கள். ஒரு சார், "ஒரு பொண்ணுக்காகவா மேடம் இவ்ளோ?" என்று கேட்டார். ஆமாம், ஒரு பெண்ணுக்காகத்தான் என்றேன். அப்புறம் கணக்கெடுப்பில் ஒரு கட்டம் சேர்த்தேன்: வீட்டுக்குப் போகிறபோது பிள்ளையை முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார். தறித் தெருக்களிலேயே இன்னும் மூன்று பிள்ளைகள் கிடைத்தார்கள். ஆகவே அந்த சாருக்கும் பதில் கிடைத்தது.

ஹேமாவைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், நானும் கஸ்தூரியும். பெரிய ஆஸ்பத்திரி, காதுக்கென்று தனிப் பிரிவு. கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். அவள் வெளியே இருக்கிற பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அப்புறம் ரொம்ப நேரம் அவள் பித்தானையே அழுத்தவில்லை. கடைசியில் எப்போதோ ஒரு தடவை அழுத்தினாள்.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டதில் இரண்டு காதும் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றும் சொன்னார். "எவ்ளோ நாளா கேக்கல?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டாக்டர் கவசத்தைக் கழற்றி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு மட்டும் போட்டுக்கொண்டு ஹேமாவிடமே கேட்டார், வாய் தெரிகிற மாதிரி.

"அஞ்சாவதுலேர்ந்து" என்றாள் ஹேமா.

"ஏண்டி சொல்லல?" என்றாள் கஸ்தூரி.

"சொன்னா நைனா பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடும்." அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மேடம் சொல்றது நல்லா தெரியும். போர்டு பக்கம் திரும்பிக்கினு பேசறப்போ மட்டுந்தான் தெரியாது. அப்போ பக்கத்து பொண்ணு நோட்டப் பாத்துக்குவேன்."

பக்கத்து நோட்டைப் பார்த்ததற்காக ஒரு தடவை அவளை ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி அறையில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது. முழுக்க என் மேல்தான்.

கிளம்பும்போது பரிசோதனை செய்த பையன் கஸ்தூரியிடம் சீட்டைக் கொடுத்து என்னவோ சொன்னான். அவள் "ஆங்?" என்றாள். மறுபடி சொன்னான், மறுபடி "ஆங்?" என்றாள். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு நிமிஷம் உள்ள உக்காருங்கம்மா" என்றான். அவளும் கண்ணாடி அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவள் கையில் இரண்டு சீட்டு இருந்தது, ஒன்று மகளுக்கு, ஒன்று அவளுக்கு. இருபது வருஷம் தறி ஓட்டியதில் போனது திரும்பி வராது, இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் புத்தூர் தாண்டும்வரை கஸ்தூரி அந்த இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். டாக்டர் சொன்னதை ஏகாம்பரத்திடம் சொன்னால், படிப்பு வேண்டாம் என்று அவர் இன்னும் கெட்டியாக நின்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பெண்ணைத் திட்டியதற்காக முதல் நாளே அழுதிருந்தார். ஆனால் யோசனை வேறு திசையில் போயிருந்தது. தறியை நிறுத்தாமலே, அந்தச் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொன்னார்.

"இப்போதான் டீச்சர் எனக்குத் தெளிவா கீது. காது கேக்காத பொண்ண பஸ்ஸு லாரி ஓடற ரோட்டுல எப்படி அனுப்பறது? நாளிக்கி காலேஜி, வேலைன்னு போனா யார் அதும் மூஞ்சப் பாத்துப் பேசுவாங்க? தறிதான் அதுக்கு சரி. இங்க யாருக்குமே காது வேணாம்."

அவர் சொன்னதில் அன்பும் இருந்தது, நியாயம் மாதிரி ஒன்றும் இருந்தது.

கஸ்தூரி தறியை நிறுத்தினாள். இறங்கிப் போய் அவர் தறியின் சுவிட்சையும் தானே அணைத்தாள். இடுப்பிலிருந்து அவளுடைய சீட்டை எடுத்து அவர் முன்னால் தறியில் விரித்தாள்.

"எங் காத இந்தத் தறிதான் துன்னுச்சி. அவளுக்குக் கொஞ்சூண்டு மிச்சம் கீது. அத்தையும் இதுவே துன்னட்டுமா, சொல்லு."

அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வந்துவிட்டேன். எம்.ஈ.ஓ. இரண்டு இடத்துக்குக் கடிதம் எழுதி, ஒரு மாதத்தில் கருவி வந்தது. புது வீடியோக்களுக்கு ஹேமாவின் கணக்குகள் தினமும் வந்தன, எல்லாம் சரியாக. ஆனாலும் பள்ளி திறந்தால் அனுப்புவார்களா என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

ஒன்பதுக்கும் பத்துக்கும் முதலில் பள்ளி திறந்தார்கள். அன்று காலை நான் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன், உத்தரவுப்படி கவசத்தோடு. மணி அடித்தாயிற்று. தறித் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள், ஹேமா மட்டும் இல்லை. கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது டீவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் ஓட்ட, பின்னால் யூனிஃபார்மில் ஹேமா. ஜடைக்குக் கீழே காதில் கருவி. அவள் இறங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

"டீச்சர்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "திருப்பதில அந்த கண்ணாடி ரூம்ல... என்னியும் ஒரு வாட்டி பாப்பாங்களா?"

"திங்கட்கிழமை போலாம். நானே கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

அவர் என் கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் கவசத்தைக் கீழே இழுக்கக் கையைக் கொண்டுபோவதற்குள் ஹேமா அப்பாவின் கையைத் தொட்டாள். அவர் தன் பக்கம் திரும்பியதும் தன் கவசத்தை இறக்கி, சத்தமே இல்லாமல், நான் சொன்ன அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் உதட்டில் அவருக்குச் சொன்னாள்.